பல்லை மட்டும் பார்க்கிறேன் என்றாய்

ஐயா,

மகனே என்று எழுதத் தொடங்கினேன். மேடையில் நின்று யாரோ பேசுவதுபோல இருந்தது, அடித்துவிட்டேன். வீட்டில் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டு எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ மீரியிலிருந்து போன் செய்தாய். அங்கே விடாமல் மழை என்றாய், துணி காயவில்லை என்றாய், மீன் மலிவு என்றாய். வேலை எப்படிப்பா இருக்கு என்று கேட்டேன். நான் கேட்காத ஒன்றுக்குப் பதில் சொன்னாய். "இனிமே நான் பல்ல மட்டும் பாக்குறேம்மா. வாயத் தொறக்கச் சொல்லுவேன், பல்லப் பாப்பேன், மூடச் சொல்லுவேன். அவ்வளவுதான். மத்தது எதுவும் என் வேலை இல்ல." நான் வாயெடுப்பதற்குள் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாய். உன் குணா மாமா பேரையோ தர்ஷி பேரையோ நான் எடுக்கப்போகிறேன் என்று தெரிந்தால் உனக்கு எப்போதும் லைன் சரியில்லாமல் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தை நீ பாதியில் வைத்தாலும் அது மறுநாளும் மேசைமேல் கிடக்கும்.

நீ ஊரைவிட்டுப் போனபிறகு நடந்தவை பல உனக்குத் தெரியாது. போவதற்கு முன் நடந்ததிலும் சிலவற்றை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். ஏற்கெனவே மாமாவை நினைத்துத் தூங்காமல் கிடக்கிற பிள்ளையிடம் இதையும் ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இப்போது தோன்றுகிறது, நான் சொல்லாமல் விட்ட இடத்தையெல்லாம் நீயாகவே மோசமான எதையோ கொண்டு நிரப்பிவைத்திருக்கிறாய்.

உன் மாமா எனக்கு இளையவன். எனக்குப் பின்னால் பிறந்தவன் அவன் ஒருவன்தான். அம்மாவும் அப்பாவும் விடியும்முன் ரப்பர் பால்வெட்டக் காட்டுக்குப் போய்விடுவார்கள். அவனைக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டி எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான். உனக்குக் காது குத்தியபோது அவன் மடியில்தான் உட்கார்ந்திருந்தாய். நீ கத்திய கத்தலில் அவனும் அழுதுவிட்டான், ஆசாரி சிரித்தார். உனக்குப் பல் டாக்டர் படிக்க இடம் கிடைத்த அன்று, நான் சொல்வதற்கு முன்பே அவன் மோட்டார் சைக்கிளில் ஏறி எஸ்டேட் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான். இதையெல்லாம் நீ மறந்திருக்கமாட்டாய். மறக்க முடியாததுதான் உன்னை அரிக்கிறது என்றும் தெரியும். அவன் கெட்டவனாகவே பிறந்திருந்தால் நம் இரண்டு பேருக்கும் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

அவன் பெண்டாட்டி செல்வி நோயில் விழுந்து போய்ச் சேர்ந்தபோது மகள் தர்ஷிக்கு நாலு வயசு. குணா செனாவாங்கில் பேக்டரி சூப்பர்வைசர், பக்கத்துத் தாமான் குடியிருப்பில் வாடகை வீடு. பிள்ளையை எங்கிட்ட விட்டுடுடா, எஸ்டேட்டில் வளரட்டும் என்று கெஞ்சினேன். "என் புள்ளைய நானே வளத்துக்குவேன்க்கா. தாயில்லாத புள்ளன்னு யாரும் பரிதாபப்படக் கூடாது" என்றான். அவனே அவளுக்குத் தலை சீவிப் பின்னல் போட்டான். அவனே சமைத்தான். மாதம் ஒருமுறை மோட்டாரில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிவருவான். பின்னல் ஒருபக்கம் கோணலாக இருக்கும். கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம், ஆம்பளையாய்த் தனியாக நின்று எப்படி வளர்க்கிறான் பாரு என்று மெச்சுவார்கள். அவன் மெலிந்துகொண்டே போனதையும், பிள்ளை சிரிப்பு குறைந்துபோனதையும் எல்லோரும் பார்த்தோம். தாய் போன துக்கம் என்று எல்லோருமே ஒரே காரணத்தைச் சொல்லிக்கொண்டோம். பேக்டரியில் பன்னிரண்டு மணிநேர வேலை முடித்து வந்து, வாயில் சோற்றை அடக்கிக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையோடு அவன் என்ன செய்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. நன்றாக வளர்க்கிறான் என்று ஊர் சொல்லச்சொல்ல, முடியவில்லை என்று அவனால் யாரிடமும் சொல்ல முடியாமலும் போயிருக்கலாம்.

அன்றைக்குத் தர்ஷிக்கு முன்பல் உடைந்துவிட்டது என்று போன் செய்தான். வேறு கிளினிக்குக்குப் போயிருக்கலாம். செனாவாங்கில் இல்லாத பல் டாக்டரா? "நம்ம புள்ள இருக்கறப்ப வேற எவன்கிட்டயோ எதுக்குக்கா காட்டணும்?" என்றான். தம்பின் டவுன் வரைக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு மோட்டார் ஓட்டிவந்தான். நானும் பஸ் ஏறி உன் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தேன். நாற்காலி அவளுக்குப் பெரிதாக இருந்தது, அதனால் நான் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டேன். நீ முகமூடிக்குள் சிரித்துக்கொண்டு, "என்ன தர்ஷி, எலி கடிச்சிருச்சா?" என்று கேட்டாய். அவள் சிரிக்கவில்லை. அப்பா முகத்தைப் பார்த்தாள். "மோட்டார்லேர்ந்து எறங்கறப்ப விழுந்துட்டா" என்று குணா சொன்னான்.

நீ விளக்கை இறக்கி, அவள் மேலுதட்டைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்கினாய். உன் முகத்தில் பாதி மூடியிருந்தது, கண் மட்டும்தான் வெளியே. ஆனாலும் நான் உன்னைப் பெற்றவள். அந்தக் கண்ணில் ஏதோ நின்றுபோனதைப் பார்த்தேன். நீ பதறவில்லை, குரலை மாற்றவில்லை. "மாமா, கவுண்டர்ல பேர் பதியணும், கொஞ்சம் பாத்துட்டு வந்துருங்களேன்" என்று அவனை அனுப்பினாய். கதவு சாத்தியதும் அவள் காதைத் திருப்பிப் பார்த்தாய், கழுத்தைப் பார்த்தாய், உள்ளங்கையையும் முட்டியையும் பார்த்தாய். பிறகு அவள் கண் மட்டத்துக்குக் குனிந்து, "எப்படிம்மா உடைஞ்சுது?" என்று மட்டும் கேட்டாய். எதையும் அவள் வாயில் திணித்துக் கேட்கவில்லை. வெகுநேரம் காத்திருந்தாய். அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "நான் வாயத் தொறக்கல" என்றாள். பிறகு, "ஸ்பூனு" என்றாள்.

நர்ஸ் அவளை மீன்தொட்டி பார்க்கக் கூட்டிப்போனபோது நீ என்னிடம் சொன்னது ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. "மோட்டார்லேர்ந்து விழுந்தா கை ஊணும்மா. உள்ளங்கை, முட்டி, தாடை தேஞ்சிருக்கணும். இவளுக்கு வெளிய ஒரு கீறல் இல்ல. உள்ள, உதட்டையும் ஈறையும் சேக்குற சின்னத் தோலு கிழிஞ்சிருக்கு. அதுக்குக் கீழ பழைய காயம் ஆறின தழும்பு இருக்கு. பக்கத்துப் பல்லு எப்பவோ அடிபட்டுச் செத்துக் கறுத்துப்போச்சு. காதுக்குப் பின்னால விரல் தடம். இது ஒரு நாள் நடந்தது இல்லம்மா." அப்புறம் நாற்காலி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "மாமாம்மா. நம்ம குணா மாமா" என்றாய். சின்ன வயதில் காய்ச்சலில் புலம்புவாயே, அந்தக் குரல்.

நீ போய் உன் பெரிய டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாய். அந்த மலாய்க்கார அம்மா தானும் ஒருமுறை பொறுமையாகப் பார்த்தார். சொந்தக்காரன் என்பதால் நீ தனியாக இதில் நிற்கக்கூடாது, தானும் எழுதித் தருகிறேன் என்றார். வேண்டுமானால் அதிகாரிகளுக்குப் போனும் தானே செய்வதாகச் சொன்னார். நீ தலையாட்டி மறுத்துவிட்டு, நீயே போனை எடுத்து, பிள்ளைகள் நலம் பார்க்கும் கெபாஜிக்கான் ஆபீசுக்குப் பேசினாய். பார்த்ததைச் சொன்னாய். யார் செய்தது என்று நீ சொல்லவே இல்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எது எங்கே கிழிந்திருக்கிறது, எது பழையது, எது புதியது, பிள்ளை என்ன வார்த்தை சொன்னாள், அவ்வளவுதான். பிறகு வெளியே வந்து மாமாவிடம், "பெரிய ஆஸ்பத்திரில ஒரு தடவ காட்டிரலாம் மாமா. உள்ள வேற எங்கயும் அடி இருக்கான்னு பாக்கணும்" என்றாய். "நீ சொன்னா சரிலா. நீதான டாக்டரு" என்று சொல்லி அவன் உன் தோளைத் தட்டினான்.

அந்தத் தட்டுதான் உன்னைத் தூங்கவிடவில்லை என்று அப்பாவிடம் ஒருமுறை சொன்னாயாம். நம்பி வந்தவனை ஏமாற்றி அனுப்பினேன் என்றாயாம். ஐயா, அன்று அவனிடம் முழுதும் சொல்லியிருந்தால் அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மோட்டாரில் ஏறியிருப்பான். அப்புறம் எந்த ஊரில் போய் நாம் அவளைத் தேடியிருப்போம்? நீ பொய் சொல்லவில்லை. உள்ளே வேறு எங்காவது அடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது, அடி இருக்கவும் செய்தது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோது அவள் இடதுகையில் ஒரு முறிவு. யாரும் கட்டுப்போடாமல் தானாகவே கூடியிருந்தது. அந்தக் கையோடு அவள் பாலர் பள்ளிக்குப் போய் வர்ணம் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றை நான் உன்னிடம் சொல்லவில்லை. டாக்டர்கள் வந்தார்கள், கெபாஜிக்கான் அதிகாரி ஒரு பெண் வந்தார், கடைசியில் போலீஸ்காரர் இருவர் வந்து குணாவைக் கொஞ்சம் வெளியே வரச் சொன்னார்கள். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. என் பக்கம் திரும்பி, "அக்கா, நம்ம புள்ளைக்கு இது தெரியுமா?" என்று கேட்டான். இவர்களெல்லாம் தனக்கு ஏதோ அநியாயம் செய்கிறார்கள், உன்னைக் கூப்பிட்டால் நீ வந்து காப்பாற்றுவாய் என்று நினைத்திருக்கிறான். நான், "அவன்தான்டா சொன்னான்" என்றேன். மறைத்திருக்கலாம். ஆனால் யாரோ சொன்னார்கள் என்று அவன் வருடக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பான். அவன் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். என்னைத் திட்டவில்லை, உன்னைத் திட்டவில்லை. "பல்லுக்குத்தானக்கா கூட்டியாந்தேன்" என்றான். அவர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் வார்டுக்குள் போய்த் தர்ஷி பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தம்பி போன பக்கம் எழுந்து போக வேண்டும்போல கால் துடித்தது. போகவில்லை.

எஸ்டேட்டில் என்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரியும். உன் முகத்துக்கு நேராகச் சொன்னவர்களும் உண்டு. எனக்கும் அப்பாவுக்கும் நடந்தது மட்டும் நீ அறியமாட்டாய். வெள்ளிக்கிழமை பூஜைக்குப் போனேன். என்னோடு பேக்டரி பஸ்ஸில் பல வருஷம் பக்கத்து சீட்டில் வந்தவள், எல்லோர் காதிலும் விழும்படி, "சொந்தத் தாய்மாமனையே உள்ள தள்ளிட்டான். இதுக்குத்தான் டாக்டருக்குப் படிக்க வச்சாங்களா? அப்பன் புள்ளைய அடிக்கிறது ஊர்ல நடக்காததா?" என்றாள். உன் அப்பா உனக்குத் தெரியுமே, கோயிலில் மணியடிப்பது தவிர வேறு சத்தம் போடாத மனிதர். அவர் தட்டைக் கீழே வைத்தார். "என் பையன் பாத்ததச் சொன்னான். நீங்கள்லாம் பாக்காததச் சொல்றீங்க. சந்தேகமா இருந்தா அந்தப் புள்ள வாயப் போய்ப் பாத்துட்டு வந்து பேசுங்க" என்றார். அதற்குப் பிறகு கோயில் கமிட்டியில் அவரை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை, அவரும் போகவில்லை. பங்குனித் திருவிழாவன்று இரண்டு பேரும் வீட்டிலேயே இருந்தோம். மேளச்சத்தம் ரோடு வழியாகப் போனது. அவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

நீ கடல் தாண்டிச் சரவாக்குக்கு, மீரிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாய். விமான நிலையத்தில் உன் அப்பா உன் கையைப் பிடித்தார். நான் ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிவைத்தாயா என்று கேட்டேன். செய்தது சரி என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை ஐயா. அன்றைக்கு நான் உன் தாயாக மட்டும் இல்லை, அவனுக்கு அக்காளாகவும் நின்றுகொண்டிருந்தேன்.

கோர்ட்டில் அவன் எதையும் மறுக்கவில்லை. செய்தேன் என்று ஒத்துக்கொண்டான், தண்டனை கொடுத்தார்கள். அதற்கு முன்னால் ஜாமீனில் வெளியே இருந்தபோது இன்னொன்று நடந்தது. தர்ஷியை ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் இல்லத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அவளை எனக்குக் கொடுங்கள் என்று மனுப்போட்டேன். அந்தப் பெண் அதிகாரி வீடு பார்க்க வந்தார். அடுப்பைப் பார்த்தார், படுக்கையைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்து, "உங்க தம்பி இங்க வந்தா உங்களால தடுக்க முடியுமா?" என்று கேட்டார். மலாயில்தான் கேட்டார், ஆனால் எனக்குத் தமிழில்தான் கேட்டது. முடியும் என்றேன். அன்றைக்கே குணாவுக்குப் போன் செய்து, "இனி நீ இங்க வரக் கூடாதுடா. நல்லதுக்கும் வரக் கூடாது, கெட்டதுக்கும் வரக் கூடாது" என்றேன். "சரிக்கா" என்றான். நான் குளிக்கவைத்து வளர்த்த பிள்ளையை அன்று நானே வாசலுக்கு வெளியே நிறுத்தினேன். நீ ஒருமுறை செய்ததை நான் இன்னும் தினமும் செய்துகொண்டிருக்கிறேன். அதனால் அது எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

தர்ஷி வந்த புதிதில் சோற்றுத்தட்டைப் பார்த்தாலே வாயை இறுக்கிக்கொள்வாள். ஒரு வாய் எடுத்தால் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஊறிக் கரைந்து போகும்வரை. ஸ்பூன் சத்தம் கேட்டால் தோள் இரண்டும் மேலே ஏறிவிடும். வீட்டில் இருந்த ஸ்பூன்களை எல்லாம் எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன்; உன் அப்பா காப்பிக்குச் சீனி போட்டுப் பேனாவால் கலக்குவார். ஆஸ்பத்திரியில் அவளை மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்து, சொத்தையாய்ப்போன கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி, மிச்சத்தை அடைத்துவிட்டிருந்தார்கள். வலி போனபிறகும் பழக்கம் போகவில்லை. ஒருநாள் மத்தியானம் ரசஞ்சோறு பிசைந்து வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தானாகவே பேசினாள். "இப்பக் கடிச்சாக் குத்தல அத்தை." முன்னாடிக் குத்துச்சா என்று கேட்டேன். "குத்தும். அப்பாகிட்ட சொன்னேன். சாப்புடாம இருக்கச் சாக்குச் சொல்றேன்னு சொன்னாரு." அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த வாயை எடுத்துக்கொண்டாள்.

நான் கீரையை அப்படியே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். பல் வலித்ததால் அவள் மெல்லவில்லை. மெல்லாததால் அவன் திணித்தான். வாயைத் திறக்காததால் அடித்தான். உள்ளே சீழ் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வலிக்காக ஒரு பிள்ளை அத்தனை நாளும் உதை வாங்கியிருக்கிறாள். நீ அந்தச் சொத்தையையெல்லாம் அன்றைக்கே பார்த்திருப்பாய், எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவள் வாயாலேயே இதைச் சொன்னாள் என்பது உனக்குத் தெரியவேண்டும்.

சிறையில் குணாவைப் பார்க்கப் போனபோது இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், நடுவில் போன். அவனே கேட்டான், "இப்பச் சாப்புடுறாளாக்கா?" என்று. சாப்பிடுகிறாள் என்றேன். "எங்கிட்ட மட்டும் ஏன்க்கா சாப்புடல?" என்றான். சொன்னேன். அவன் போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நான் பேசுவது அவனுக்குக் கேட்காது, அவன் பேசுவது எனக்குக் கேட்காது. நேரம் முடியப்போகும் சமயத்தில் திரும்ப எடுத்து, "அவ சொன்னா அக்கா. நிறையத் தடவ சொன்னா. நான் நம்பல" என்றான். தேற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றாதது வருத்தமாகவும் இருந்தது.

இப்போது வெளியே வந்துவிட்டான். செண்டாயான் பக்கம் ஓர் அறையில் இருக்கிறான், வேறு பேக்டரியில் வேலை. கோபத்தை அடக்கப் பழக்கும் வகுப்பு ஒன்றுக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள், போகிறானாம். மாதம் ஒருமுறை கெபாஜிக்கான் ஆபீசில், அதிகாரி முன்னிலையில் தர்ஷியைப் பார்க்கலாம். முதல் இரண்டு தடவையும் அவள் என் பின்னாலேயே நின்றாள். அவனும் கூப்பிடவில்லை. போன வாரம் மூன்றாவது தடவை. அவளுக்குப் பிடிக்கும் என்று மீகூன் கோரேங், வறுத்த சேமியா, ஒரு பொட்டலம் வாங்கி வந்திருந்தான். மேசைமேல் பிரித்துவைத்து, அவள் பக்கம் தள்ளினான். அப்புறம் என்ன செய்தான் தெரியுமா? இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உட்காரவைத்த பையன் மாதிரி. தர்ஷி அவன் முகத்தைப் பார்த்தாள், கை இருக்கும் இடத்தைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கையாலேயே சாப்பிட ஆரம்பித்தாள். மெதுவாக, ஒவ்வொரு நூலாக. பாதி தின்றுவிட்டுப் போதும் என்று எழுந்தாள். "போதுமா? சரிம்மா" என்றான். அவ்வளவுதான். அந்த நேரம் முழுக்க அவன் கையை எடுக்கவில்லை. எழுந்தபோது விரல் மரத்துப்போய்ப் பொட்டலத்தை மடிக்க வரவில்லை, நான்தான் மடித்தேன்.

தர்ஷியை அதிகாரி உள்ளே கூட்டிப்போனபோது படிக்கட்டுப் பக்கம் நானும் அவனும் நின்றோம். உன்னைப் பற்றிக் கேட்டான். மீரியில் இருக்கிறான் என்றேன். "என்னாலதான அவ்வளவு தூரம் போனான்?" என்றான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு அவன் பாத்தும் பாக்காத மாதிரி பல்ல மட்டும் அடைச்சு அனுப்பியிருந்தா, நான் அவள வீட்டுக்குக் கூட்டிப்போயிருப்பேன்க்கா. அப்புறம் ஒரு நாள் அவ செத்திருப்பா. எனக்குத் தெரியும். அவன்கிட்ட சொல்லு" என்றான். நீயே சொல்லேன்டா என்றேன். "வேணாம். என் குரலக் கேட்டா அவன் அழுவான்" என்றான். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்வேனா என்றும் தெரியவில்லை. ஆனால் அவன் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று உனக்கு எழுத எனக்கும் ஆசைதான். முடியவில்லை ஐயா. தர்ஷி இன்னும் தலை சீவக் கை தூக்கினால் குனிந்துகொள்கிறாள். தலையணைக்கு அடியில் ரொட்டித்துண்டு ஒளித்துவைக்கிறாள், எறும்பு வந்துவிடுகிறது. அப்பாவிடம் போகவேண்டும் என்று ஒரு நாளும், அப்பாவிடம் அனுப்பிவிடாதே என்று மறுநாளும் அழுகிறாள். எனக்கு ஒரு தம்பி இருந்தும் இல்லாமல் இருக்கிறான், ஒரு மகன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். இத்தனைக்கும் நடுவில் அவள் இருக்கிறாள். நீ அன்று பார்க்காமல் விட்டிருந்தால் மற்ற எல்லாரும் நான் ஆசைப்பட்டபடி ஒன்றாகத் திருவிழாவில் நின்றிருப்போம், அவள் மட்டும் இருந்திருக்கமாட்டாள்.

பல்லை மட்டும் பார்க்க உன்னால் முடியாது. உனக்குப் பழக்கம் இல்லை. ஆனால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கப் பழகிவிடலாம், அது யாருக்கும் வரும், அதற்குத்தான் பயந்து எழுதுகிறேன். பிள்ளை விழுந்தும் பல் உடையும், நிறைய உடையும், எல்லா அப்பன் அம்மாவையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. சரியாகத் தெரிந்தால்தான் சொல்லவேண்டும் என்று காத்திருக்காதே என்கிறேன். தீர்ப்புச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நீ பார்த்ததைப் பார்த்தபடி சொன்னால் போதும், அன்று சொன்னாயே அப்படி. அந்தப் பிள்ளைகள் வாயைத் திறந்து காட்டுவது உன் ஒருவனிடம்தான். டீச்சரிடம் காட்டமாட்டார்கள், அத்தையிடமும் காட்டமாட்டார்கள். அன்று தனியாக நின்று சொன்னாய். இனிமேல் அப்படி ஒன்று வந்தால், அவர்களிடம் பேசிப் போனை வைத்ததும் எனக்குப் போன் அடி. எந்த நேரமானாலும் எடுப்பேன். விமான நிலையத்தில் சொல்லாததை ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

நீ செய்தது சரி. உன் மாமாவுக்கு நான் அக்காள்தான், அப்படி இருந்துகொண்டே சொல்கிறேன், நீ செய்தது சரி.

தர்ஷி பள்ளிவிட்டு வரும் நேரம். உனக்கு எழுதுகிறேன் என்று காலையில் சொன்னேன். என்ன சொல்லட்டும் என்று கேட்டதற்கு, ரொம்ப நேரம் யோசித்து, "டாக்டர் அத்தான் கை வலிக்காமத் தொட்டாங்கன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

அம்மா